எதிர் வீட்டுத் தண்ணீர்

அப்துல் மஜீத் வெறும் வாளியோடு எதிர் வீட்டு வேலிப் படலையடியில் நின்று செருமினார்.

அவருடைய கடைக்குத் தண்ணீர் இந்த வீட்டுக் கிணற்றில்தான். கடை என்றால், எதிரே வேலியோரம் நாலு தடி, மேலே கிடுகு, உட்கார ஒரு வாங்கு. சண்டை நின்று பாதை திறந்த கையோடு புத்தளத்திலிருந்து வந்த மனுசன், முள்ளியவளைச் சந்தியை விட்டுவிட்டு, மாடுகூடத் திரும்பிப் பாராத இந்த ஒழுங்கையில் தேத்தண்ணிக் கடை போட்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரித்தது.

யாவாரத்தை ஏன் கேட்கிறீர்கள்! பால்மாவே கட்டிபட்டுப் போய்விட்டது.

இன்றைக்காவது வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கேத்திலைக் கவிழ்த்துவிட்டு, வவுனியா பஸ் ஏறி வந்த வழியே போய்விட வேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

நேசமலர் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். புருசனை ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு இங்கே இருக்கிறாள்.

"எங்கட வீட்டில ஆமி இருக்கிறான், நானா. போய் எழும்பு எண்டு கேக்க ஏலுமே? இதுவும் ஆரோ பாவப்பட்ட சனத்தின்ர வீடுதான். அவை வந்து நிண்டா இந்தப் பிள்ளையளோட எங்க போறதெண்டு நினைச்சா, நித்திரை வருகுதில்லை."

மஜீத் குனிந்து வாளியின் பிடியைப் பற்றினார்.

"அவங்க இனி வரமாட்டாங்க, தங்கச்சி."

அவள் முகம் தெளிந்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

கடையில் ஒரேயொரு தேத்தண்ணி ஊற்றித் தானே குடித்தார். புத்தளத்து உவர்த் தண்ணீரில் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அவர் மனைவி லதீபா முகத்தைச் சுளிப்பாள். "நம்மட கிணத்துத் தண்ணி..." என்று தொடங்குவாள். மௌத்தாகும்வரை அதற்கு மேல் சொன்னதில்லை.

குடித்து முடித்துக் கேத்திலைக் கவிழ்த்தார்.

ஊருக்கு வந்த முதல் நாளும் இதே படலையடியில்தான் நின்று செருமினார். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது விட்டுப்போன தன் வீட்டைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தார். நேசமலர் வெளியே வந்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஆர் நீங்கள், என்ன வேணும் என்று கேட்டாள்.

எதிரே தேத்தண்ணிக் கடை போடப்போகிறேன், கொஞ்சம் தண்ணீர் அள்ளலாமா என்றார்.

சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று மறுநாள் நாலு தடி நட்டார்.