புதுக் கேமரா

கும்மிடிப்பூண்டியில் ட்ரோன் பழுது பார்க்கும் ஷைனியின் கடைக்குள் தானியேல் தன் ட்ரோனோடு அவசரமாக நுழைந்தார்.

"புதுசா இந்தக் கேமராவ மாட்னேம்மா. அதுலேர்ந்து மேல போனாலே சுத்திக்கினே கீது."

உடம்புச் சூட்டை வைத்து ஆளையோ விலங்கையோ காட்டிக்கொடுக்கும் கேமரா அது.

"இன்னாண்ணா, வயல்ல பன்னித் தொல்லையா?" ஷைனி சிரித்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் பாரும்மா."

கேமராவின் ஒயர் ட்ரோனின் காம்பஸை ஒட்டிப் போயிருந்தது.

"அதான் திசை தெரியாம பேஜாராவுது" என்றவள், ஒயரைத் தள்ளிக் கட்டி, வாசலில் பறக்கவிட்டாள். ட்ரோன் ஆடாமல் நின்றது.

அப்போது தானியேலின் போன் அடித்தது. எதிர்முனையில் சொன்னதைக் கேட்டவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா ஆச்சுண்ணா?"

"கடலுக்குப் போன என் தம்பியக் காணோம்மா. அவனத் தேடத்தான் இத வாங்குனேன். இப்ப அவன் லைஃப் ஜாக்கெட் மட்டும் காட்டுப்பள்ளிகிட்ட கரை ஒதுங்கிக் கீதாம்."

ஷைனி ட்ரோனை இறக்கி அவரிடம் நீட்டினாள். "நல்லா பறக்குதுண்ணா. எடுத்துக்கினு போய்த் தேடுங்க."

"தேடத்தான் போறேன். இந்தக் கேமராவக் கழட்டிட்டு, பழசையே மாட்டிக் குடு."

"ஏண்ணா?"

"உசுரு இருந்தாத்தானம்மா சூடு இருக்கும்?"