கொதித்த மெட்டி

அந்தக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒயர் இல்லாமல் தரையே வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றியது; வண்டிக்கும் தரைக்கும் நடுவில் எந்த உலோகம் வந்தாலும் அது கொதித்துவிடும். ஆள் பக்கத்தில் வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஒன்றும் அங்கே இருந்தது. பூனை வந்தாலும் அது நிறுத்திவிடுகிறது, காலையில் வண்டி பாதி சார்ஜில் நிற்கிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் ஓட்டெடுத்து அதை அணைத்துவிட்டார்கள். தரை துடைக்கும் கன்னியம்மாளிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் ஒரு காருக்கு அடியில் ஈரத்துணியைக் காலால் தள்ளித் துடைத்தபோது மெட்டி கொதித்தது. அலறிக்கொண்டே கழற்றினாள். விரல் தோலும் அதோடு உரிந்து வந்தது.

சங்கச் செயலாளர் ரங்கபாஷ்யம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "வெள்ளி, இரும்பு எதுவும் போட்டுட்டு இங்க வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"ஆளு வந்தா நிக்கிற மிஷின ஏன் சார் அணைச்சீங்க?"

"அது எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. மொதல்ல அந்தத் தோலத் தொடச்சி எடு. நாத்தம் தாங்கல, வண்டிக்காரங்க வந்துடுவாங்க."

கன்னியம்மாள் தரையில் கிடந்த ஈரத்துணியை எடுத்தாள். அதை அவர் கையில் திணித்தாள்.

"கரெண்டு இன்னும் ஓடிட்டுதான் இருக்குது. நீயே குனிஞ்சு தொடச்சி எடு."

ரங்கபாஷ்யம் தன் விரலில் இருந்த தங்க மோதிரத்தைப் பார்த்தார். துணியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.