மூன்றாம் மாடியில் சிக்கிய பிரிட்ஜ்

"பிரிட்ஜ இப்டியா லிஃப்டுல ஏத்துவாங்க? கோணியில தவிடு அடைக்கிறாப்புல அடைச்சி வச்சிகீறீங்க."

மூன்றாம் மாடியில், லிஃப்ட் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார் மோகன்ராஜ். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். வெகுநாள் கெட்டுக் கிடந்த லிஃப்டை முந்தாநாள்தான் ஓட வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். அதற்குள் மறுபடி நின்றுபோனால் பதவியும் போய்விடும்.

இப்போது ஒரு பெரிய இரட்டைக் கதவு பிரிட்ஜ் பாதி லிஃப்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாகச் சிக்கிக் கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள், ஒருவன் மீசைக்காரன், இன்னொருவன் ஒல்லி, வியர்த்து வழிந்தார்கள்.

எந்த வீடு என்று கேட்டார். கல்பனா மேடம் வீடு என்றான் மீசைக்காரன். வீட்டைக் காலி செய்வதைச் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை பார், என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியில் வேலை பார்க்கிற திமிர். பிடித்து அனுப்பிய ஆட்களும் அதே லட்சணம்.

"வராது சார் இது. இப்டியே உட்டுட்டுப் போயிடறோம்" என்றான் ஒல்லி, படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே.

மோகன்ராஜ் போய்ப் படிக்கட்டை மறித்து நின்றுகொண்டார். "உட்டுட்டுப் போவியா? அப்புறம் லிஃப்ட உங்கப்பனா வந்து ஓட்டுவான்? இத கீழ எறக்காம ஒருத்தனும் நகரக் கூடாது."

முட்டாள்களை அவருக்குப் பிடிக்காது. ஆனால் அவர்களுக்கு விளக்கிச் சொல்வது மிகவும் பிடிக்கும். லிஃப்ட் வாசலில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை ஓடுகிறது, அதன் குறுக்கே எது நின்றாலும் கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் மோட்டார் அசையாது என்றார். மாடித் தரைக்கும் லிஃப்ட் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி உண்டு, பிரிட்ஜின் முன்சக்கரம் அதில்தான் விழுந்திருக்கிறது என்று குனிந்து காட்டினார். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும் என்றும் எச்சரித்தார். மீசைக்காரன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான்.

"வெயிட்டு பூரா எங்க கீது, சொல்லு."

"தெர்ல சார்."

"பின்னாடி, கீழ. கம்ப்ரஸர் அங்கதான் கீது. அத மொதல்ல உள்ள தள்ளணும். நீங்க மூஞ்ச மொதல்ல தள்ளிக்கினு கீறீங்க. இன்னா ஆளுங்கடா நீங்க, மூட்ட தூக்கக் கூட லாயக்கில்ல."

பிரிட்ஜை வெளியே இழுத்துத் திருப்ப வைத்தார். பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த கால்மிதியை எடுத்து இடைவெளியின்மேல் தாமே விரித்தார். இம்முறை சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. பாரம் கூடிவிடக் கூடாதென்று மீசைக்காரனை மட்டும் பிரிட்ஜோடு அனுப்பிவிட்டு, ஒல்லியைப் படியிறங்க வைத்துக் கூடவே வந்தார். கீழே அவர்களுடைய குட்டியானைச் சரக்கு வண்டி வாசலுக்குப் பின்னோக்கி வருவதற்காகச் சாலையில் நின்று லாரிகளை நிறுத்தியதும் அவர்தான்.

"நீங்க இல்லாங்காட்டி முடிஞ்சிருக்காது சார்" என்று மீசைக்காரன் கும்பிட்டான். வண்டி எளாவூர்ப் பக்கம் திரும்பியது.

மோகன்ராஜ் லிஃப்டில் ஏறி மேலும் கீழும் ஒருமுறை போய்வந்தார். ஒரு குலுங்கல் இல்லை. இனி எவன் எதிர்த்து நிற்கிறான் பார்க்கலாம் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து கல்பனா இறங்கி வந்து, அவர் வாயைத் திறப்பதற்குள் லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள். இறங்கி வரட்டும், சங்கம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கலாம் என்று அவர் வாசலிலேயே காத்திருந்தார்.

கல்பனா படிகளில் ஓடிவந்தாள். "அண்ணே, எங்க ஊட்டுப் பூட்ட ஒடச்சி பிரிட்ஜ தூக்கினு பூட்டானுங்கண்ணே. அவ்ளோ பெரிசு, எப்டிண்ணே எறக்கியிருப்பானுங்க?"