எல்லாப் பனிக்கும் ஒரே ஜோடி

மலையடிக் கடைச் சன்னலில் சாயங்கால வெளிச்சம் நீலமாக இறங்குகிறது. லைல் பனிச்சறுக்குக் கட்டையான ஸ்கீ ஒன்றை நிமிர்த்தி, அதன் நுனியைத் தன் மோவாயோடு ஒட்டிப் பார்க்கிறான். "யோவ், மோவாய் அளவெல்லாம் பனிப்பலகைக்குத்தான்யா. ஸ்கீ நெத்தி வரைக்கும் வரணும்," என்று சிரிக்கிறாள் கடைக்காரி மார்னி. பாவம், அவன் காலமெல்லாம் இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிச் சறுக்கும் பலகைக்காரன். மலையுச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்டை விட்டு இறங்கும்போதெல்லாம் அவன் பனியில் உட்கார்ந்து பலகையின் கால்வாரைப் பூட்டி முடிக்கும்வரை, மனைவி கொரின் தன் ஸ்கீயில் நின்றபடியே காத்திருப்பாள். இந்தக் குளிர்காலத்தில் காத்திருப்பதை விட்டுவிட்டாள். "மெத்துப்பனி, கட்டிப்பனி, மரத்துக்கு நடுவுல, எல்லாத்துக்கும் ஒரே ஜோடியா குடு," என்கிறான் லைல். "எல்லாத்துக்கும்னா எதுக்கும் முழுசா ஒத்துவராதுய்யா. அதிகமா எங்க ஓட்டப்போறே?" "கொரின் போற இடத்துல." மார்னியின் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. நெற்றி உயர ஜோடி ஒன்றை எடுத்து அவன் கையில் மெல்லக் கொடுக்கிறாள். கதவு மணி கிணுகிணுக்க, தொப்பியில் பனித்தூளோடு கொரினே உள்ளே வருகிறாள். "அட, ஸ்கீயா! நல்லாருக்கு லைல்," என்கிறாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற அன்போடு. "என்கிட்ட இருந்த வீட்டுச் சாவி. இனி எனக்கு வேணாம். மார்னிகிட்ட குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நீயே இருக்கே." சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். வெளியே, கூரையில் அவளுடைய ஸ்கீயைக் கட்டிய கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. அது கிளம்பிப் போன பிறகும், ஸ்கீயின் நுனியை நெற்றியில் ஒட்டியபடி, அளவு பார்ப்பவனைப் போலவே லைல் நிற்கிறான்.