கலாரிஸ் வாங்கிக் கொடுத்த காபி

பிரேயஸ் துறைமுகத்துக் காபிக்கடையில் காலை வெயில் மேசைக்கால்வரை வந்துவிட்டது. பதினான்கு வருடம் எங்கள் அணிக்குக் கோல் அடித்த கலாரிஸ் வாசலோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறான். போன மே மாத இறுதியாட்டத்தில் பெனால்டியை வானத்துக்கு அடித்தான். ஜூனில் அதே எதிரணியில் போய்ச் சேர்ந்தான். அவன் வாங்கி அனுப்பிய காபி கிழவர் பந்தெலிஸின் முன்னால் நுரையடங்கிக் கிடக்கிறது. ஒருவர் வாங்கித் தரும் காபியை இங்கே மறுத்தால் பகை. பந்தெலிஸின் விரல்களில் டக் டக்கென்று உருண்டுகொண்டிருந்த, இங்கே பொழுதுபோக்குக்கு உருட்டும் மணிச்சரம் நிற்கிறது.

"குடிங்கண்ணே, ஆறிடப்போகுது" என்கிறான் கலாரிஸ், வாசலோரத்திலிருந்தே.

"அந்தப் பந்து ஏன்டா மேல போச்சு?"

"கால் வழுக்கிடுச்சுண்ணே."

"பதினாலு வருஷமா வழுக்காத காலு."

கலாரிஸ் தன் ஷூவைப் பார்க்கிறான். பந்தெலிஸ் காபியை ஒரு விரலால் நகர்த்திவிட்டு, பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடிக்கிறார். தண்ணீர், கடைக்காரர் வைத்தது.