நாலாவது சொட்டு

மூக்குக்கண்ணாடியைத் தலைமுழுக நேற்று லேசர் செய்துகொண்ட தையல்காரி, இன்று முழுக்கக் கண்ணைத் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து விடாவிட்டால் கண் காய்ந்து, மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும்.

"அக்காவ வரச் சொல்லியிருக்கேன். சாவி அவகிட்ட இருக்கு" என்று கணவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அந்த நாத்தனாரோடு அவளுக்கு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் ஒரு ஜாக்கெட் அளவு தப்பிப்போனதால் வந்த வினை.

சுவர்க் கடிகாரம் பத்து அடித்ததும் ஒரு குளிர்ந்த விரல் இமையை விலக்கியது. ஒரு சொட்டு விழுந்தது. பேச்சே இல்லை. பன்னிரண்டுக்கும் அப்படியே.

இரண்டு மணிச் சொட்டு விழுந்ததும் தையல்காரியே இறங்கிவந்து பேசினாள். "அண்ணி, தப்பு என் மேலதான். அளவ நான்தான் மாத்தி எழுதிட்டேன். வீம்புக்கு ஒத்துக்கல. மன்னிச்சிடுங்க."

விரல் அவள் கன்னத்தை மெல்ல வருடியது. அவளுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

நாலு மணி ஆவதற்குள் கதவு திறந்தது. கணவனின் குரல்.

"சாரிம்மா, இப்பத்தான் தெரிஞ்சு ஓடி வரேன். நீயா வாய்விட்டுக் கூப்பிட்டாத்தான் வருவாளாம் அக்கா. காலையிலருந்து அவ வீட்டுலயேதான் உக்காந்திருக்கா."

"விளையாடாதீங்க. மூணு தடவ மருந்து விட்டாங்களே!"

அறையின் அந்தக் கோடியில், மேசை மேலிருந்து அவன் பாட்டிலை எடுக்கும் சத்தம் கேட்டது.

"எத விட்டாங்க? இதுல சீலே உடைக்கலையே..."

கடிகாரம் நாலு அடித்தது. குளிர்ந்த விரல் அவள் இமையை விலக்கியது.