பாதி பழமை

உலகத்தில் முழுக்கப் புதிதாகச் செய்யப்பட்ட முதல் மனிதன் நான்தான். இதை மரபியல் வகுப்பில் எழுந்து நின்றே அறிவித்தேன். காரணம், ரேச்சல் மேடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட ‘பாதி பழமை பேணும் இரட்டிப்பு’. டி.என்.ஏ. இரண்டாகும்போது அதன் இரு இழைகளும் பிரிந்து, ஒவ்வொரு பழைய இழையும் தனக்கொரு புது இழையைச் சேர்த்துக்கொள்ளும். எந்தப் பிரதியிலும் பாதி பழசு தங்கிவிடுவதால்தான் அந்தப் பெயர் என்றார்.

“என்கிட்ட பழசே கிடையாது மேடம். எங்கப்பா கல்யாண வீட்டுக்குக்கூட கைக்குட்டையை மூணா மடிச்சு காலருக்குள்ள செருகிட்டுத்தான் போவார். மனுஷங்களைவிட காலர் முக்கியம் அவருக்கு. அந்த வம்சம் என்னோட முடிஞ்சுது.”

வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்சிலிருந்து இர்ஃபான் திரும்பினான். “அவர் சாயல் ஒண்ணே ஒண்ணு உன்கிட்ட பார்த்துட்டா?”

“வருஷம் முழுக்க உன் பக்கத்துல உக்காந்து நோட்ஸ் எடுக்கறேன்டா.”

கடைசி பெஞ்சுக்காரன் செய்யக்கூடிய சத்தியங்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. நான் போட்டிருந்தது புது வெள்ளைச் சட்டை. மேடம் பாடத்தைத் தொடர, கழுத்தோரம் வியர்வை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வகுப்பே என்னைப் பார்ப்பது தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். காலருக்குள் கைக்குட்டை, மூன்றாக மடிந்து, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

இர்ஃபான் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன், நிமிர்ந்துதான். காலரில் துளி அழுக்கில்லை.